லொறிகள் சென்ற பாதையில் மீண்டெழும் சிங்கராஜ வனம்

நீண்ட விடுமுறை கிடைத்தால் மலைகளையும் காடுகளையும் நாடிச் செல்லும் வழக்கம் எமது மக்களிடையே வளர்ந்து வருகின்றது. மலையேறிப் பழக்கமில்லாத ஒருவர் மழைக்காட்டைப் பார்க்க விரும்பினால், அவருக்கு முதலில் கூறப்படும் இடம் சிங்கராஜ வனமாகும். இரத்தினபுரி மாவட்டத்தின் கலவானைப் பக்கமாகச் சென்று, குடாவ நுழைவாயிலினூடாக உட்புகும் பாதையில் செங்குத்தான ஏற்றங்கள் குறைவு. சிறுவர்களும் முதியோரும் கூட ஆராய்ச்சி நிலையம் வரை ஆறுதலாக நடந்து சென்று திரும்பலாம்.

மலைப்பாங்கான ஒரு மழைக்காட்டின் நடுவே இத்துணை அகலமானதும் சீரானதுமான பாதை எவ்வாறு அமைந்தது என்ற வினா அங்கு நடப்போரில் பலருக்கு எழுவதில்லை. அப்பாதை உல்லாசப் பயணிகளுக்காக அமைக்கப்பட்டதன்று. வெட்டிய மரங்களை ஏற்றிச் செல்லும் லொறிகளுக்காக அமைக்கப்பட்டதாகும். இன்று நாம் இலகுவாக நடந்து செல்லும் வழி, அவ்வனத்தின் உடலில் விழுந்த ஒரு காயத்தின் தழும்பே ஆகும். அத்தழும்பின் இருமருங்கிலும் காடு எவ்வாறு மீண்டு வருகின்றது என்பதை அறிந்து நடந்தால், அந்நடை வெறும் பொழுதுபோக்காக இராது, பயன்மிக்க ஒரு பாடமாக அமையும்.

கோடரியும் இயந்திரமும்

இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்துள்ள சிங்கராஜ வனம் 1875 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய ஆட்சியினரால் ஒதுக்கக் காடாக்கப்பட்டது. எனினும், 1970களின் ஆரம்பத்தில், கொஸ்கமவில் அமைந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்குத் தேவையான மரங்களை இங்கிருந்து பெறுவதென அரசாங்கம் தீர்மானித்தது. 1972 இல் இயந்திரங்களின் துணையுடன் மரம் வெட்டும் பணி தொடங்கியது.

காடு முழுமையாக மொட்டையடிக்கப்படவில்லை. பருத்த மரங்களைத் தெரிந்து வெட்டும் முறையே கையாளப்பட்டது. ஆயினும், ஒரு பெருமரம் சாயும்போது கொடிகளால் அதனுடன் பிணைந்துள்ள அயல் மரங்களையும் இழுத்துக்கொண்டே சாய்கின்றது. விழுந்த மரத்தை இயந்திரம் இழுத்துச் செல்லும் வழியெங்கும் இளங்கன்றுகள் நசுங்குகின்றன; மண் இறுகிப் போகின்றது. இயற்கை ஆர்வலர்களும் அறிவியலாளர்களும் தொடர்ந்து எழுப்பிய கண்டனக் குரல்களின் விளைவாக 1977 இல் இப்பணி நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டில் சிங்கராஜ உயிர்க்கோள ஒதுக்கமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆக, மனிதன் வெட்டி நிறுத்திய ஒரு மழைக்காடு ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலமாகத் தன்பாட்டில் வளர விடப்பட்டுள்ளது.

காடு திரும்பும் முறை

வெட்டப்பட்ட இடத்தில் முதலில் முளைப்பவை பழைய காட்டின் மரங்கள் அல்ல. வெயிலை விரும்பும் வட்டக்கண்ணி போன்ற மரங்களே முதலில் வருகின்றன. சிங்களத்தில் 'கெந்த' என வழங்கும் இம்மரத்தின் அகன்ற இலைகளைப் பாதையோரங்களில் எளிதாக அடையாளம் காணலாம். இவை விரைவாக வளர்பவை, மென்மையான மரத்தை உடையவை, ஆயுளும் குறைந்தவை. ஆனால், இவை தரும் நிழலிலேயே காட்டின் நிலையான குடிகள் தலையெடுக்கின்றன.

அந்நிலையான குடிகளின் இயல்பு வேறானது. சிங்கராஜவின் உயர்ந்த விதானத்தை அமைக்கும் 'துன்' இன மரங்கள் எல்லா ஆண்டுகளிலும் நிறைவாகக் காய்ப்பதில்லை. காய்த்தாலும், அவற்றின் விதைகள் நெல்லைப் போல் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் தன்மையுடையவை அல்ல. விழுந்த சில நாட்களில் முளைக்க வேண்டும். அன்றேல் மடிய வேண்டும். பெரும்பாலானவை தாய் மரத்தை விட்டு வெகுதூரம் செல்வதுமில்லை. ஆகவே, அருகில் தாய் மரம் இல்லையெனில், எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாலும் அவ்விடத்தில் பழைய காடு தானாகத் திரும்பாது. சிங்கராஜவில் பல பெருமரங்கள் வெட்டப்படாது விடப்பட்டமையும், அருகிலேயே கைபடாத காடு எஞ்சியிருந்தமையுமே அதனைக் காப்பாற்றின எனலாம்.

இதற்கு மாறான காட்சியை வனத்தின் எல்லைப்புறங்களில் காணலாம். சேனைப் பயிர்ச்செய்கைக்காக வெட்டி எரிக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட சில சரிவுகளில் 'கெக்கில்ல' எனப்படும் பன்னம் அடர்ந்து படர்ந்துள்ளது. அதன் அடர்த்தியை ஊடறுத்து மரக்கன்றுகள் எழுவது மிகக் கடினம். தீயும் அடிக்கடி பரவுமாயின் அந்நிலம் பன்னம் படர்ந்த நிலமாகவே நின்றுவிடுகின்றது. பச்சை நிறம் அனைத்தும் காடாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

பாதையில் நடப்பவர் இம்மாற்றங்களைத் தம் கண்ணாலேயே காணலாம். வெளிச்சம் விழும் கரையோரங்களில் பூச்சிகளைப் பிடித்துண்ணும் குடுவைச் செடிகள் கொடியாகப் படர்ந்திருக்கும். அந்நிய நாட்டிலிருந்து வந்து பரவிய பற்றைச் செடிகளும் அங்கேதான் மிகுதி. சற்று உள்ளே ஒரே பருமனான மெல்லிய தண்டுகள் நெருங்கி நிற்கும். அது மீண்டு வரும் காடு. மேலும் செல்லச் செல்ல ஒளி குறைந்து, அடிமரங்கள் பருத்து, நிலத்தட்டில் நடக்க இடம் விரியும். அது முதிர்ந்த காடு. பல இனப் பறவைகள் ஒன்றாகத் திரண்டு இரைதேடும் கலப்புக் கூட்டங்களும் இவ்வனத்தின் சிறப்பாகும். கரிச்சானும் செம்மஞ்சள் அலகுடைய தவிட்டுக்குருவியும் இக்கூட்டங்களில் முன்னிற்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வந்துள்ளனர்.

பைனஸ் நிழலில் ஒரு பரிசோதனை

வனத்தின் எல்லையைக் காப்பதற்கென 1970களின் இறுதியிலிருந்து குடாவ உள்ளிட்ட பகுதிகளில் கரிபியன் பைனஸ் மரங்கள் நடப்பட்டன. அந்நிய மரம் என்ற குறை அதன்மீது உண்டு. ஆனால், பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ஆஷ்டனும் அத்தோப்பையே ஆய்வுகூடமாக்கினர். 1991 இல் பைனஸ் மரங்களின் கீழ் உள்நாட்டு மழைக்காட்டு மரக்கன்றுகள் நடப்பட்டன. பைனஸ் வரிசைகளை அகற்றி இடைவெளி ஏற்படுத்திய இடங்களில், அதிலும் மூன்று வரிசைகள் அகற்றப்பட்ட இடங்களில், அக்கன்றுகள் நன்கு வளர்ந்தன. முழு நிழலும் அவற்றிற்கு ஆகாது. முழு வெயிலும் ஆகாது. அளவோடு திறந்துவிடப்பட்ட பைனஸ் தோப்பு அவற்றிற்குச் செவிலித்தாயாக அமைந்தது.

இது மலையக வாசகர்களின் சிறப்பான கவனத்திற்குரியது. தோட்டங்களுக்கு மேலுள்ள சரிவுகளில் பைனஸ் தோப்புகள் நிற்பதையும், வரட்சிக் காலத்தில் அவை தீப்பற்றுவதையும் அம்மக்கள் நன்கறிவர். அத்தோப்புகளை ஒரேயடியாக வெட்டிச் சாய்ப்பதும், அப்படியே விட்டுவிடுவதும் மட்டுமே வழிகள் அல்ல. படிப்படியாக அவற்றை உள்நாட்டுக் காடாக மாற்றவும் இயலும். ஆயின், தாய் மரங்கள் இல்லாத இடத்தில் மனிதக் கரங்களே கன்றுகளைக் கொண்டுசென்று நடவேண்டும்.

'இரண்டாந்தரக் காடு' என்னும் பெயர்

ஒருமுறை வெட்டப்பட்ட காட்டை 'இரண்டாந்தரக் காடு' எனக் கூறித் தாழ்வாக மதிக்கும் போக்கு எம்மிடையே உள்ளது. பற்றைக்காடு, பயனற்ற நிலம் என்ற பெயர்கள் ஒரு நிலத்திற்குச் சூட்டப்பட்டால், அதனைப் பகிர்ந்தளிப்பதும் இலகுவாகிவிடுகின்றது. ஒதுக்கக் காடுகளாகப் பிரகடனம் செய்யப்படாத ஏனைய அரச காடுகளின் நிருவாகத்தை மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் ஒப்படைக்கும் சுற்றறிக்கை 2020 நவம்பரில் வெளியானபோது கடும் எதிர்ப்பு எழுந்தமைக்குக் காரணம் இதுவே. அத்தகைய காடுகள் எவ்வளவு எளிமையாகத் தோன்றினும், நாளைய காட்டிற்கான விதைகளை அவற்றில் நிற்கும் மரங்களே தர வேண்டும்.

அதே ஆண்டில் லங்காகம கிராமத்திற்கான வீதி சிங்கராஜவினூடாக அகலமாக்கப்பட்டமையும் பெரும் சர்ச்சையைத் தோற்றுவித்தது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லாத கிராம மக்களின் தேவையை எவரும் அலட்சியம் செய்ய முடியாது. அதே வேளை, 1970களில் சில ஆண்டுகளே பயன்பட்ட லொறிப் பாதை இன்றும் அழியாது நிற்கின்றது என்பதையும் மறந்துவிடலாகாது. காட்டினுள் வீதி அமைப்பது சில மாதங்களில் முடியும் வேலை. அதன் தடம் மறைய அரை நூற்றாண்டும் போதவில்லை. எனவே, அவ்வாறான தீர்மானங்கள் அவசரத்தில் எடுக்கப்படக்கூடாதவை.

நடப்போரின் கடமை

சிங்கராஜவினுள் வழிகாட்டி ஒருவருடனேயே செல்ல வேண்டும். அயற்கிராமங்களைச் சேர்ந்த அவ்வழிகாட்டிகளின் அறிவு எந்த நூலிலும் கிடைக்காதது. இலகுவான நடை போதுமென்போர் ஆராய்ச்சி நிலையத்துடன் திரும்பலாம். உடற்பலம் உள்ளோர் மவுலவெல்ல, சிங்ஹகல ஆகிய குன்றுகளை நாடலாம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்யும் இடமாதலால், மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையான காலமே ஏற்றது. அட்டைக்கடிக்கு அஞ்சுவோர் அதற்கான நீண்ட காலுறைகளை அணிந்து செல்லலாம்.

இவற்றிலும் முக்கியமானது, பாதையை விட்டு விலகாதிருத்தலாகும். ஓரத்தில் விரலளவு உயரத்தில் நிற்கும் ஒரு கன்று, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் விழும் விதையிலிருந்து எழுந்ததாக இருக்கலாம். ஒரு புகைப்படத்திற்காக அதன்மீது பதியும் காலடி, அதன் வாழ்வை முடித்துவிடக்கூடும். மரங்களை இழுத்துச் சென்ற இயந்திரங்கள் அகன்றுவிட்டன. இன்று அப்பாதையில் செல்பவை எமது கால்கள் மட்டுமே. காடு தன் பணியைச் செய்துகொண்டிருக்கின்றது. அதற்கு இடையூறு செய்யாதிருப்பது எமது பொறுப்பாகும்.