கரியைப் பிடிக்கும் தேன்கூடு

மேட்டில் ஏறும் பழைய டீசல் லாரி கரும்புகை கக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்பு, முழுவதும் எரியாத டீசலிலிருந்து பிறந்த கரித்துகள்களே. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு துகள். மூக்கால் இவற்றைத் தடுக்க இயலாது. நுரையீரலின் காற்றறைகள் வரை சென்றுவிடும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-இல் அறிவித்தது.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் 'பி.எஸ்.-6' விதி நடைமுறைக்கு வந்தபின், புதிய டீசல் வண்டிகளின் புகைக் குழாயில் கரி வடிகட்டியும் இடம்பெற்றது. இது பீங்கான் போன்ற பொருளால் ஆனது. தேன்கூடு போல நெடுகிலும் நுண்ணிய அறைகள். ஆனால் ஓர் அறையின் முன்வாய் திறந்திருந்தால் அதன் பின்வாய் அடைபட்டிருக்கும். அடுத்த அறையில் இது நேர்மாறு. உள்ளே வந்த புகை எப்படி வெளியேறும்? அறைச்சுவரின் நுண்துளைகள் வழியாகத்தான். வாயு கடந்துவிடும், கரி சுவரிலேயே தங்கிவிடும்.

தங்கிய கரியை என்ன செய்வது? எரித்துவிடலாம்! ஆனால் கரி தானாக எரிய சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியின் புகைக்கு அதில் பாதிச் சூடுகூட இராது. ஆகவே கரி மிகும்போது எஞ்சினின் கணிப்பொறி சிறிது டீசலைக் கூடுதலாகச் செலுத்தும். அது வடிகட்டிக்கு முன்னுள்ள வினையூக்கியில் எரிந்து வேண்டிய வெப்பத்தைத் தரும். இடையில் வண்டியை நிறுத்திவிட்டால் வேலை அரைகுறையாகிவிடும். தினமும் நாலு தெரு மட்டுமே ஓடும் வண்டிகளில் அடைப்பு மிகுவது இதனால்தான்.

கரி மிகுந்துவிட்டது என்று கணிப்பொறிக்குச் சொல்வது யார்? பள்ளி ஆய்வகத்திலுள்ள 'யு' வடிவ அழுத்தமானியை நினைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டியின் முன்னும் பின்னும் இரு சிறு குழாய்கள் பொருத்தி, இரண்டு அழுத்தங்களின் வேறுபாட்டை ஒரு சென்சார் அளக்கிறது. அடைப்பு மிகுந்தால் வேறுபாடும் மிகும்.

தூதுவனே பொய் சொன்னால்? முன்பக்கக் குழாய் வெடித்துக் கசிந்தால் சென்சார் குறைவாகக் காட்டும். கரி யாருக்கும் தெரியாமல் குவியும். பிறகு ஒருநாள் மொத்தமாகத் தீப்பற்றிப் பீங்கானையே உருக்கலாம். மாறாக, எப்போதும் அதிகமாகவே காட்டினால் கணிப்பொறி ஓயாமல் டீசலைச் செலுத்தும். அதில் ஒரு பகுதி எஞ்சின் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். நல்ல வடிகட்டியைக் கழற்றி, விலை மிகுந்த புதியதை மாட்டியும் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்றால், குற்றவாளி பெரும்பாலும் இந்தச் சிறு சென்சாரோ அதன் குழாயோதான்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல் அளவைப் பார்க்க வேண்டும். புகையே ஓடாதபோது இருபுறமும் அழுத்தம் ஒன்றுதானே! சுழி காட்டாவிட்டால் முதலில் ஐயப்பட வேண்டியது சென்சாரைத்தான்.

எவ்வளவு சூடேற்றினாலும் எரியாத ஒன்றும் வடிகட்டியில் சேர்கிறது. எஞ்சின் எண்ணெயிலுள்ள கால்சியம், துத்தநாகம் முதலியவற்றின் சாம்பல் அது. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் வடிகட்டியைக் கழற்றி, மூடிய பெட்டியில் வைத்து, புகை வெளியேறும் பக்கத்திலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்தி இதை அகற்றுவர். முன்னும் பின்னும் எடை போட்டால் போன சாம்பலின் அளவு தெரிந்துவிடும். சிலர் கம்பியால் குத்துகிறார்கள். வேகமான நீரைப் பாய்ச்சுகிறார்கள். மெல்லிய சுவர் உடைந்தால் புகை அந்த வழியே தப்பிவிடும்.

அப்படி உடைந்ததை அறியக் கருவிகூடத் தேவையில்லை. எஞ்சின் ஆறியபின் புகைக்குழாயின் வாயை வெள்ளைத் துணியால் துடைத்தால் போதும். வடிகட்டி நலமாயிருந்தால் துணியில் கரி ஏறக்குறைய ஒட்டாது.