அட்டை சேர்ப்போரும் அவர்தம் பண்டமாற்றும்

2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த ஓர் ஏலத்தில், உள்ளங்கையுள் அடங்கும் கடதாசி அட்டையொன்று 1 கோடி 26 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அவ்வட்டையிற் காணப்படுவது மிக்கி மான்ரில் என்னும் பேஸ்போல் வீரரின் வண்ணப்படம். 1952 ஆம் ஆண்டிலே சில சதங்களுக்குச் சிறுவர் வாங்கிய சுவிங்கப் பொதிகளினுள் இனாமாக வைக்கப்பட்ட அட்டை வகையைச் சேர்ந்தது அது. இச்செய்தியைக் கேட்ட மாணவர் பலர் எம்மிடம் வினாவியது ஒன்றே: “அப்படி ஓர் அட்டை எங்களுக்கும் கிடைக்குமா, சேர்?”

வினா இயல்பானதே. ஆயின், இவ்வட்டைகளின் வரலாற்றில் விலை என்பது மிகப் பிந்தி வந்து புகுந்த விருந்தாளி. அவ்விருந்தாளி வருமுன்னர், ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுக்காலம், இவை பெரும்பாலும் பண்டமாற்றினாலேயே கைமாறின. அப்பண்டமாற்று எவ்வாறு நடைபெற்றது, விலை வந்தபின் அதற்கு யாது நேர்ந்தது என்பனவற்றையே யாம் இங்கு விளக்கப் புகுகின்றோம்.

பேஸ்போல் ஆட்டத்தை நேரிற் கண்டவர் நம்மவருட் சிலரே. கிறிக்கற்றைப் போலவே பந்தும் மட்டையும் கொண்டு ஆடப்படுவது. ஓட்டம் பெறுவோர் இரு முனைகளுக்கிடையே ஓடாது நான்கு தளங்களைச் சுற்றி ஓடுவர். நம் நாட்டிற் கிறிக்கற் வீரர்க்குள்ள மதிப்பு அந்நாட்டிற் பேஸ்போல் வீரர்க்கு உண்டு. இவ்வளவு தெரிந்திருத்தல் போதும்.

அட்டையின் பிறப்பிடம் விளையாட்டு மைதானமன்று, புகையிலைக் கடையே. 1880களில் அமெரிக்கச் சிகரெற்றுகள் மெல்லிய கடதாசி உறைகளில் விற்கப்பட்டன. உறை நசுங்கினால் உள்ளிருப்பனவும் நசுங்குமாதலின், அதனைத் தாங்குதற்குத் தடித்த அட்டையொன்றை உள்ளே வைத்தனர். வெற்றட்டை வைப்பானேன் என்று எண்ணிய வணிகர் அதிலே நடிகையர், பறவைகள், நாட்டுக் கொடிகள், விளையாட்டு வீரர் ஆகிய படங்களை அச்சிட்டனர். வேர்ஜீனியா மாநிலத்து அலன் அன்ட் ஜின்ரர் கொம்பனியார் 1887 இல் உலகப் பெருவீரர் ஐம்பதின்மரின் படங்களை வெளியிட்டனர். அவருட் பதின்மர் பேஸ்போல் வீரர். ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் ஐம்பதின்மரின் பெயர்களும் அச்சிடப்பட்டிருந்தன. அப்பெயர்ப் பட்டியலே தூண்டில். தன்னிடம் இன்னது இல்லை என்பதை ஒருவன் அறிந்துவிட்டால் அவன் மனம் அமைதியடையாது. இங்கிலாந்தில் வில்ஸ் கொம்பனியார் 1896 இல் கிறிக்கற் வீரர் ஐம்பதின்மரை வெளியிட்டதும் இவ்வுத்தியைக் கொண்டே. புகைப்போர் தந்தையர்; படம் கேட்டு நின்றோர் மைந்தர். பிற்காலத்தில் மிட்டாயும் சுவிங்கமும் சிகரெற்றின் இடத்தைப் பிடித்தமை நல்லதே என்போம்.

பண்டமாற்று ஏன் வேண்டியதாயிற்று என்பதற்கு விடை கணிதத்தில் உள்ளது. ஐம்பது படங்களும் சம அளவில் அச்சிடப்பட்டுக் கலந்துள்ளன என்றும், ஒருவன் பொதிக்கு ஓர் அட்டை வீதம் பெறுகின்றான் என்றும் கொள்வோம். முதலட்டை எதுவாயினும் புதியதே. இருபத்தைந்து சேர்ந்த நிலையில், இரண்டு பொதிகளில் ஒன்று ஏற்கெனவே உள்ள படத்தையே தரும். நாற்பத்தொன்பது சேர்ந்தபின், எஞ்சிய ஒன்றைப் பெறுதற்குச் சராசரியாக ஐம்பது பொதிகளை வாங்குதல் வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 225 பொதிகள் வரும்; அவற்றுட் கடைசி ஐந்து படங்களுக்கு மாத்திரம் 114 பொதிகள், அஃதாவது பாதிக்கு மேல், செலவாகும். நிகழ்தகவு பயிலும் உயர்தர வகுப்பு மாணவர் இதனைத் தாமே செய்து பார்ப்பாராக.

225 வாங்கியவனிடம் 175 இரட்டைகள் தேங்கிக் கிடக்கும். அவை அவனுக்குக் குப்பை. ஆயின் அடுத்த வீட்டுச் சிறுவன் தேடியலையும் படம் அக்குப்பையில் இருக்கலாம். அவன் குப்பையில் இவன் தேடும் படம் இருக்கலாம். மாற்றிக்கொண்டால் இருவரும் பெறுகின்றனர், இழப்பவர் எவருமிலர். நெய்தல் நிலத்து உமணர் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற செய்தியைச் சங்க நூல்களிற் பயின்றோர்க்கு இது புதிதன்று. உப்பு மிகுந்தவனுக்கு உப்பின் அருமை தெரியாது. நெல் மிகுந்தவனுக்கு நெல்லின் அருமை தெரியாது. இருவரும் சந்திக்கும் இடத்திலேதான் இரண்டுக்கும் மதிப்புப் பிறக்கின்றது. முத்திரை சேர்க்கும் எம் மாணவர் இடைவேளையில் மரநிழலில் நடத்தும் பேரங்களும் இவ்வகையினவே.

அமெரிக்கச் சிறுவரிடையே இதற்கெனச் சில வழக்கங்கள் தோன்றின. தன் இரட்டைகளை ஒருவன் ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்ட, மற்றவன் ‘உண்டு, உண்டு, இல்லை’ என்று சொல்லிச் செல்வான். ‘இல்லை’ என்ற சொல் வந்தவுடன் புரட்டும் கை நிற்கும், பேரம் தொடங்கும். சாதாரண வீரருக்குச் சாதாரண வீரர் ஒன்றுக்கொன்று. புகழ்பெற்றவருக்கு மூன்று நான்கு. தன் ஊர் அணியின் வீரனுக்காக வேற்றூர்ப் பெருவீரன் இருவரைக் கொடுத்தவனும் உண்டு. அவனை ஏமாளி என்று சொல்லுதல் பொருந்தாது. அவன் வேண்டியதை அவன் பெற்றான்.

சேகரிப்போரின் இவ்வேட்கையை வணிகர் நன்கறிந்திருந்தனர். 1933 இல் கௌடி என்னும் சுவிங்கக் கொம்பனி 240 இலக்கங்கள் கொண்ட பேஸ்போல் தொகுதியை வெளியிட்டது. அதில் 106 ஆம் இலக்க அட்டை எந்தப் பொதியிலும் இல்லை. சிறுவர் தொடர்ந்து வாங்கவேண்டும் என்பதற்காகவே அவ்விலக்கம் விடப்பட்டது என்பது பலர் கருத்து. கடிதம் எழுதி முறையிட்டோர்க்கு மாத்திரம் மறு ஆண்டில் நப் லாஜுவே என்னும் பழைய வீரரின் படத்தை 106 ஆம் இலக்கமாக அச்சிட்டுத் தபாலில் அனுப்பினர். கடிதத்துடன் அதனை இணைத்த கம்பிக் கவ்வியின் தழும்பு இன்று எஞ்சியுள்ள பிரதிகள் சிலவற்றிற் காணப்படுகின்றது. எவரிடமும் இல்லாத அட்டையைப் பண்டமாற்றினாலும் பெறவியலாது என்பதை அச்சிறுவர் எத்தனை மாதம் கழித்து உணர்ந்தனரோ!

சிறுவர் வளர்ந்தபின் பெரும்பாலோர் அட்டைகளை மறந்தனர். அன்னையர் வீடு துப்புரவாக்கும்போது அவற்றை எறிந்தனர். மறவாதார் சிலர் இருந்தனர். அவருள் தலையாயவர் ஜெபர்சன் பேர்டிக். 1900 இற் பிறந்த இவர், நியூயோர்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையொன்றிற் பணிபுரிந்தவர், மணம் செய்யாதவர், மூட்டுவாதத்தால் நெடுங்காலம் வருந்தியவர். செல்வரல்லர். நாடெங்கும் சிதறியிருந்த சேகரிப்போர் ஒருவரையொருவர் அறியாதிருந்த காலத்தில், 1937 இல் ஒரு சிறு செய்தித்தாளைத் தொடங்கி அவர்களை இணைத்தார். தம்மிடம் மிகுந்தவற்றின் பட்டியலையும் தாம் வேண்டுவனவற்றின் பட்டியலையும் கடிதத்தில் எழுதி, முன்பின் கண்டிராத ஒருவருக்கு அட்டைகளை அனுப்பிவிட்டு, மறுதபாலை எதிர்பார்த்திருத்தல் அவர்தம் முறை. வந்த பொதியைப் பெற்றுக்கொண்டு மாற்று அனுப்பாதிருப்பது எவருக்கும் எளிது. அங்ஙனம் செய்தவனுக்குப் பிறர் மீண்டும் எழுதமாட்டார் என்பதே அங்கிருந்த ஒரே தண்டனை.

கடிதவழி மாற்றுக்கு ஓர் இடர் இருந்தது. ‘கையில் மட்டையுடன் நிற்கும் சிறிய வெள்ளை ஓர அட்டை’ என்று ஒருவர் எழுதினால் மற்றவர் எதனை விளங்கிக்கொள்வது? இதற்குத் தீர்வு கண்டவரும் பேர்டிக்கே. 1939 இல் அவர் வெளியிட்ட அட்டவணை, பின்னர் ‘அமெரிக்க அட்டை நூற்பட்டியல்’ என்ற பெயரில் விரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘என்’, இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘ரி’, முற்கால மிட்டாய் அட்டைகளுக்கு ‘ஈ’, பிற்காலச் சுவிங்க அட்டைகளுக்கு ‘ஆர்’ என எழுத்திட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் எண் கொடுத்தார். இன்றும் உலகெங்கும் சேகரிப்போர் ‘ரி 206’ என்று சொன்னால் அது பேர்டிக் இட்ட பெயரே. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தேடிய ஏட்டுச் சுவடிகளையும் மிட்டாய் அட்டையையும் யாம் ஒருதட்டில் வைக்கவில்லை. எனினும் சிதறிக் கிடந்ததைத் தேடி, வகுத்து, பெயரிட்டு, பிறர் கையிற் கொடுக்கும் பணி எப்பொருளில் நடப்பினும் மதித்தற்குரியது.

அந்த ரி 206 தொகுதியிலே உள்ளது பிற்ஸ்பேர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் அட்டை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கொம்பனியார் வெளியிட்ட ஐந்நூறுக்கு மேற்பட்ட அட்டைகளுள் மிக அரியனவற்றுள் இதுவும் ஒன்று. தம் படத்தை அச்சிடுதற்கு வாக்னர் உடன்படவில்லை. சிறுவர் புகையிலை வாங்குதற்குத் தாம் காரணமாகலாகாது என்று மறுத்தார் என்பர் ஒருசாரார். உரிய பணம் கொடுக்கப்படவில்லை என்பர் மற்றொரு சாரார். எதுவாயினும் அச்சு நிறுத்தப்பட்டது; அறுபது அளவிலான பிரதிகளே இன்று அறியப்பட்டுள்ளன.

இனி, விலை வந்த கதை. பண்டமாற்றுச் செய்வோர் தமக்குள் மதிப்பைத் தாமே தீர்த்துக்கொண்டனர். 1979 இல் புள்ளிவிபரவியற் பேராசிரியரான ஜேம்ஸ் பெக்கெற் முதலானோர் அட்டைகளின் விலை வழிகாட்டி நூலை வெளியிட்டனர்; 1984 முதல் அது மாதந்தோறும் வந்தது. அதில் ஏமாற்றுப் பேரத்தைத் தடுக்கும் நன்மை இருந்தது. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின், ‘இது என்னிடம் இல்லை’ என்று சொன்ன சிறுவன் ‘இது எவ்வளவு பெறும்?’ என்று கேட்கத் தொடங்கினான். ஐந்து டொலர் அட்டைக்கு ஐந்து டொலர் அட்டை என்று ஒப்பிட்டு மாற்றும்போது இருவரும் சமமாகின்றனர். இருவரும் பெறுதல் என்பது மறைந்துவிடுகின்றது.

1980களின் பிற்பகுதியில் மக்கள் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, திறவாமல், பிள்ளைகளின் பல்கலைக்கழகச் செலவுக்கு உதவும் என்று பூட்டிவைத்தனர். கொம்பனிகளும் சளைக்காமல் அச்சிட்டன. எல்லோரும் பேணியதால் எதுவும் அருமையாகவில்லை. அப்பெட்டிகளுட் பல இன்று வாங்கிய விலைக்கும் போகமாட்டா. மான்ரில் அட்டை விலைபெற்றதோ எதிர்மாறான காரணத்தினால். 1952 ஆம் ஆண்டுத் தொகுதியின் இறுதிப் பகுதி, ஆட்டக்காலம் முடியும் வேளையில் வந்தமையால் விற்காது தேங்கிற்று. அதனை வெளியிட்ட ரொப்ஸ் கொம்பனியைச் சேர்ந்த சை பேர்கர், எஞ்சிய பெட்டிகளை 1960 இற் படகிலேற்றி அத்திலாந்திக் கடலிற் கொட்டியதாகப் பின்னாளிற் கூறினார். இதில் வியப்பு யாதெனில், அச்சுத்தாளில் மான்ரில் படம் இருமுறை இடம்பெற்றதாதலின், அவ்விறுதிப் பகுதியிலே பெயர் கேளாத வீரர் பலரின் அட்டைகள் அதனிலும் அரியன. ஏலத்தில் விற்கப்பட்ட பிரதியை 1991 இல் அதன் உரிமையாளர் 50,000 டொலருக்கு வாங்கியிருந்தார்.

விலை ஏற ஏறக் கத்தரிக்கோலும் உள்ளே வந்தது. மூலை கூராகவும் ஓரம் நேராகவும் இருந்தால் விலை பன்மடங்காகும். 1991 இல் ஐஸ் ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் கூட்டாளியொருவரும் 4 இலட்சத்து 51 ஆயிரம் டொலருக்கு வாங்கிய வாக்னர் அட்டை, 2007 இல் 28 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அதனை முன்னர் விற்றவர், ஓரங்களை வெட்டிச் சீராக்கியவர் தாமே என்று 2013 இல் வழக்கொன்றில் ஒப்புக்கொண்டார். கடிதத்தை நம்பி அட்டை அனுப்பியவர்களின் வழிவந்தோர், இன்று ஒளிபுகு பிளாத்திக்கு உறையில் முத்திரையிட்டுத் தரவெண் பொறித்த அட்டையையே நம்புகின்றனர். எனினும் பழைய முறை அழிந்துவிடவில்லை. 1980 முதல் ஆண்டுதோறும் கூடும் தேசியச் சேகரிப்போர் மாநாட்டில், கோடி டொலர் அட்டைகளின் நடுவே, தேய்ந்த மூலைகளைப் பொருட்படுத்தாது இலக்கப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரட்டைகளை மாற்றும் முதியோரும் உளர்.

பேர்டிக் தம் சேகரத்தை 1947 முதல் நியூயோர்க் நகரின் மெற்றோபொலிற்றன் கலைக்கூடத்திற்கு வழங்கத் தொடங்கினார். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளும் பிற அச்சுப் பொருள்களும். ஏறத்தாழ முப்பதாயிரம் பேஸ்போல் அட்டைகள் அவற்றுள் அடங்கும். அவற்றை வகுத்து ஏடுகளில் ஒட்டும் பணியைத் தாமே ஏற்றார். விரல்கள் மடங்கிய நிலையிலும் கலைக்கூடத்து மேசையொன்றில் ஆண்டுக்கணக்காக அமர்ந்து பசை தடவினார். 1963 ஜனவரியில் கடைசி ஏட்டை முடித்துவிட்டு வைத்தியசாலைக்குச் சென்றவர் அவ்வாண்டு மார்ச்சில் மறைந்தார்.

பசை தடவிய அட்டைக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு. அதனை வெட்டவும் ஆளில்லை, ஏலமிடவும் ஆளில்லை. அச்சேகரத்து அட்டைகள் காலத்துக்குக் காலம் கலைக்கூடத்திற் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. அவற்றுள் வாக்னர் அட்டையும் ஒன்று.