72 சதவீத இழப்பு 6 ஆன கதை: புனோம் பென் நகரம் தண்ணீர் பாடத்தை யாரிடம் படித்தது?

ஒரு நகரம் 100 குடம் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்புகிறது. அதில் 72 குடத்துக்குக் காசே வரவில்லை. கொஞ்சம் வழியிலேயே ஒழுகிப்போகிறது, கொஞ்சத்தை யாரோ திருடுகிறார்கள், மீதிக்கு பில்லே போடவில்லை. 1993-ல் கம்போடியத் தலைநகர் புனோம் பென் இருந்த நிலை இதுதான்.

2010 வாக்கில் அந்த 72, சுமார் 6 ஆகிவிட்டது. வளர்ந்த நாடுகளின் பல நகரங்களே இன்னும் எட்டாத அளவு இது.

சரி, வெளிநாட்டுக்காரங்க பணம் கொடுத்திருப்பாங்க, இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். பணம் வந்தது உண்மை. ஆனால் அதே மாதிரிப் பணம் வந்தும் பைப் போட்டதோடு நின்றுபோன நகரங்கள் உலகில் நிறைய இருக்கின்றன. புனோம் பென்னுக்குப் பணத்தோடு இன்னொன்றும் கிடைத்தது: வேறு ஊரில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களின் கைப்பழக்கம். அதை வாங்கிக்கொள்ளும் நிலைக்கு அந்த நகரம் முன்பே தன்னைத் தயார்செய்து வைத்திருந்தது என்பதுதான் முக்கியம்.

எங்கிருந்து தொடங்கினார்கள்?

1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் படைகள் புனோம் பென்னைப் பிடித்து, நகர மக்களை மொத்தமாகக் கிராமங்களுக்கு விரட்டின. 1979 ஜனவரி வரை நகரம் கிட்டத்தட்ட காலியாகவே கிடந்தது. படித்தவர்கள் குறிவைத்துக் கொல்லப்பட்ட காலம் அது. நீர் நிலையங்களை நடத்தத் தெரிந்த பொறியாளர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவே இல்லை. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தப் பைப் போகிறது என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

1993-ல் எக் சோன் சான் என்ற பொறியாளர் புனோம் பென் நீர் வழங்கல் ஆணையத்தின் தலைவரானார். அப்போது நகர மக்களில் கால்வாசிப் பேருக்குத்தான் குழாய் இணைப்பு. அவர்களுக்கும் நாளுக்கு 10 மணி நேரம்தான் தண்ணீர். போட்ட பில்லில் பாதிகூட வசூலாகவில்லை. ஊழியர்களுக்குச் சம்பளம் அற்பம். அதனால் சிலர் தாங்களே திருட்டு இணைப்பு கொடுத்துப் பணம் பார்த்தார்கள். இணைப்பு இல்லாத ஏழைகளோ, தண்ணீர் விற்பவர்களிடம் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள்.

முதல் வேலை: கணக்கெடுப்பு

சான் முதலில் செய்தது, வீடு வீடாக ஆளனுப்பி வாடிக்கையாளர் பட்டியலைச் சரிபார்த்தது. பதிவேட்டில் இருந்த ஆயிரக்கணக்கானோர் நிஜத்தில் இல்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் பதிவேட்டில் இல்லை.

அடுத்து மீட்டர். எல்லா இணைப்புக்கும் மீட்டர் என்றதும் பெரிய இடங்களிலிருந்துதான் எதிர்ப்பு வந்தது. ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் மீட்டர் பொருத்தப் போனபோது தன் தலைக்கு நேராகத் துப்பாக்கி நீட்டப்பட்டதை சானே பின்னர் சொல்லியிருக்கிறார். அவர் திரும்பி வந்து அந்த வீட்டின் இணைப்பைத் துண்டித்தார். பணம் கட்டிய பிறகுதான் தண்ணீர் வந்தது. ‘இனி யாருக்கும் சலுகை இல்லை’ என்ற சேதி ஊருக்குப் புரிந்தது.

திருட்டு இணைப்பைக் காட்டிக்கொடுப்பவருக்குச் சன்மானம், அதற்குத் துணைபோகும் ஊழியருக்கு வேலை காலி, நன்றாக உழைப்பவருக்கு ஊக்கத்தொகை என்று விதிகள் வந்தன. 1996-ல் அரசு இந்த ஆணையத்துக்குத் தன்னாட்சி கொடுத்தது. வசூலான பணத்தை வைத்தே சம்பளம், பராமரிப்பு, முதலீடு எல்லாவற்றையும் அதுவே தீர்மானிக்கலாம் என்றானது.

அதே காலத்தில் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் நகரத்துக்கான பெருந்திட்டத்தை வகுத்தது. பிரான்ஸ், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் உதவியோடு பழைய குழாய்கள் மாற்றப்பட்டன.

கிட்டாக்யூஷு சொல்லிக்கொடுத்தது என்ன?

1999-ல் ஜப்பானின் கிட்டாக்யூஷு மாநகராட்சி தன் நீர்த் துறை ஊழியர்களை புனோம் பென்னுக்கு அனுப்பத் தொடங்கியது. அந்த ஊரும் சுகமாக வளர்ந்த ஊர் அல்ல. 1960-களில் உருக்கு ஆலைக் கழிவால் அதன் டோகாய் விரிகுடா ‘சாவுக் கடல்’ என்று பெயரெடுத்தது. அதைச் சுத்தம் செய்த அனுபவம் அந்த மாநகராட்சிக்கு உண்டு.

அவர்கள் கொண்டுவந்த முக்கியமான பாடம், நகரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது. கேட்க எளிமையாக இருக்கும். மொத்த நகரத்துக்கும் ஒரே வலைப்பின்னலாகக் குழாய் இருந்தால், எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. அதையே பல தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் நுழையும் இடத்தில் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் அளக்கும் கருவியை வைத்தால் கதை மாறிவிடும். அளவுகள் எல்லாம் மையக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்துசேரும்.

இனி நள்ளிரவு 2 மணிக்கு அந்தத் திரையைப் பாருங்கள். ஊரே தூங்கும் நேரம். யாரும் குளிக்கவில்லை, துவைக்கவில்லை. அப்போதும் ஒரு தொகுதிக்குள் தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தால் அர்த்தம் ஒன்றுதான்: கசிவு, இல்லையென்றால் திருட்டு. உடனே அந்தப் பகுதிக்கு ஆள் போகும். வண்டிச் சத்தம் அடங்கிய இரவில், தரைக்கடியில் தண்ணீர் பீச்சும் ஓசையைக் கருவி வைத்துக் காதால் கேட்டு, தோண்ட வேண்டிய இடத்தைக் குறிப்பார்கள்.

கருவி எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் எந்த எண்ணைப் பார்த்துச் சந்தேகப்படணும், எந்தச் சத்தம் கசிவு, எது வெறும் வால்வு இரைச்சல் என்பதெல்லாம் கையேட்டில் வராது. பக்கத்தில் நின்று காட்டித்தான் சொல்லிக்கொடுக்க முடியும். கிட்டாக்யூஷு ஊழியர்கள் செய்தது அதைத்தான். 2003-க்குப் பிறகு ஜைக்கா திட்டத்தின் கீழ் தண்ணீர் தரப் பரிசோதனை, நிலையப் பராமரிப்பு என்று பயிற்சி விரிந்தது.

கன்சல்டன்டுக்கும் சக ஊழியருக்கும் என்ன வித்தியாசம்?

ஆலோசனை நிறுவனம் அறிக்கை கொடுத்துவிட்டுப் போய்விடும். ஹோட்டல் கருத்தரங்கில் பவர்பாயின்ட் காட்டுவார்கள், குரூப் போட்டோ எடுப்பார்கள், அத்தோடு முடிந்தது. ஒரு நீர் வாரியத்தின் ஃபிட்டர் இன்னொரு நீர் வாரியத்தின் ஃபிட்டரோடு மாதக்கணக்கில் வேலை பார்ப்பது வேறு ரகம். ‘எங்க ஊர்லயும் இதே தப்பு நடந்துச்சு, இப்படித்தான் சரி பண்ணோம்’ என்று அவரால் சொல்ல முடியும். வந்தவருக்கு விற்க எதுவும் இல்லை என்பதால் நம்பிக்கையும் வரும்.

இந்த யோசனையை உலக அளவில் கொண்டுபோனது, ஜப்பானின் முன்னாள் பிரதமர் ரியூதாரோ ஹாஷிமோட்டோ தலைமையிலான ஐ.நா. ஆலோசனைக் குழு. உலகின் நீர் வாரியங்கள் லாப நோக்கமின்றி ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்று 2006-ல் அது பரிந்துரைத்தது. அதற்கான உலகக் கூட்டமைப்பு 2009-ல் யுஎன்-ஹேபிடட் அமைப்பின் கீழ் உருவானது. இதை ‘நீர் வாரியக் கூட்டாண்மை’ எனலாம். சொல்லிக்கொடுப்பவர் செலவுக்கு மேல் லாபம் பார்க்கக் கூடாது என்பது இதன் அடிப்படை விதி.

மாணவர் ஆசிரியரான கட்டம்

2007-ல் தொடங்கிய அடுத்த திட்டத்தில் பயிற்சி கம்போடியாவின் எட்டு மாகாண நகரங்களுக்கு நீண்டது. இந்த முறை ஜப்பானியர்களோடு புனோம் பென் ஊழியர்களும் பயிற்றுநர்களாகப் போனார்கள். மொழி ஒன்று, பட்ஜெட் நிலைமை ஒன்று, உடைகிற பைப்பும் ஏறக்குறைய ஒன்று. அதனால் பாடம் இன்னும் எளிதாக இறங்கியது.

எக் சோன் சானுக்கு 2006-ல் மகசேசே விருது கிடைத்தது. ஆணையத்துக்கு 2010-ல் ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருது. 2012-ல் கம்போடியப் பங்குச் சந்தையில் பட்டியலான முதல் நிறுவனம், அரசின் கையில் இருக்கும் இந்த நீர் ஆணையம்தான். ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் நிலைமைக்கேற்ப 30 சதவீதம் முதல் முழுவதும் வரை தள்ளுபடி உண்டு. மீதியைத் தவணையில் கட்டலாம். 24 மணி நேரமும் தண்ணீர் வந்த பிறகு, கட்டணம் கட்டுவதற்கான காரணம் மக்களுக்கும் விளங்கியது.

அப்போ, கழிவுநீர்?

இந்தக் கதையின் கசப்பான பக்கம் இங்கேதான். குடிநீரில் உலகமே பாராட்டிய அதே நகரத்தில், பயன்படுத்திய தண்ணீர் நீண்ட காலம் சுத்திகரிக்கப்படாமலேயே கால்வாய்கள் வழியாகத் தெற்கே இருக்கும் சதுப்பு நிலங்களுக்குப் போனது. அங்கே மிதந்து வளரும் வள்ளைக்கீரை போன்ற தாவரங்கள் அழுக்கில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டன. சம்பளம் இல்லாத சுத்திகரிப்பு நிலையம் என்றே சொல்லலாம். ஆனால் அந்த ஏரிகளை மணல் கொட்டி மூடி, வீட்டு மனைகளாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நகரத்தின் முதல் பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஜப்பானிய மானியத்தில் அண்மையில்தான் வந்தது. அதன் கொள்ளளவு நாளுக்கு 5,000 கன மீட்டர். நகரம் தயாரிக்கும் குடிநீரோ நாளுக்கு 5 லட்சம் கன மீட்டருக்கு மேல். அதாவது, உள்ளே வருவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் அந்த நிலையம் கையாள முடியும்.

அதே நகரம், அதே நட்பு நாடு. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? குடிநீருக்குத் தன்னாட்சி பெற்ற ஓர் அமைப்பு இருந்தது. மீட்டர் இருந்தது, வருமானம் இருந்தது. சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு நடத்த ஆள் இருந்தது. கழிவுநீரோ நகரப் பொதுப்பணித் துறையின் பல வேலைகளில் ஒன்று. அதற்கென்று தனிக் கணக்கோ, தனியாகப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியோ இல்லாத இடத்தில் வெளிநாட்டு அறிவு வந்தாலும் எங்கே தங்கும்?

வெளியிலிருந்து தொழில்நுட்பம் வரும், பயிற்சி வரும், கடனும் வரும். ஆனால் ராணுவ அதிகாரி வீட்டு இணைப்பைத் துண்டிக்கும் துணிச்சலையும், அதற்குப் பிறகும் அந்த அதிகாரியை வேலையில் வைத்திருக்கும் அரசையும் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது.

ஒரு சாதாரண நகரவாசி கேட்க வேண்டிய கேள்விகள்

‘வெளிநாட்டு ஒத்துழைப்போடு குடிநீர்த் திட்டம்’ என்று எந்த ஊரில் செய்தி வந்தாலும், இந்த நான்கையும் கேட்டுப் பார்க்கலாம்:

• அனுப்பும் தண்ணீரில் எத்தனை சதவீதத்துக்குக் கணக்கு இருக்கிறது? அந்த எண் ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறதா?

• பயிற்சிக்கு வெளிநாடு போவது யார்? இரவில் கசிவைத் தேடும் களப் பணியாளரா, அடுத்த மாதம் இடமாறுதல் ஆகப்போகும் அதிகாரியா?

• கற்றுக்கொண்டதைச் செயல்படுத்த, அந்தத் துறைக்குத் தன் வருமானத்தைச் செலவழிக்கும் உரிமை இருக்கிறதா?

• குழாயில் உள்ளே வரும் தண்ணீர் எங்கே வெளியே போகிறது? அதற்குப் பொறுப்பு யார்?

முதல் மூன்று கேள்விக்கும் புனோம் பென்னிடம் நல்ல பதில் இருந்தது. நான்காவதுக்கு இப்போதுதான் பதில் தேடத் தொடங்கியிருக்கிறது.