விழ ஓர் இடம் வேண்டும்

2016 ஆகஸ்ட் 14, ரியோ ஒலிம்பிக். ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட் இறுதிச் சுற்றில் தீபா கர்மாகருக்கு 15.066 புள்ளி, வெண்கலம் வென்ற வீராங்கனைக்கு 15.216. நூலிழையில் பதக்கம் போனதை நாடே பேசியது. ஜவ்வாது மலையை மனதில் வைத்துப் பார்க்கும் எனக்கோ, தீபா எந்த ஊரிலிருந்து அங்கே போனார் என்பதுதான் பெரிதாகப் படுகிறது.

அகர்தலா. மலையும் பழங்குடிக் கிராமங்களும் நிறைந்த, நாட்டின் ஒரு மூலையில் இருக்கும் திரிபுராவின் தலைநகர். ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்ந்த தீபாவுக்குத் தட்டைப் பாதம். ஆரம்ப காலத்தில் பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களை வைத்து ஒப்பேற்றிய சாதனத்தில்தான் பழகினார். ஆனால் பிஷ்வேஷ்வர் நந்தி என்ற பயிற்சியாளர் உள்ளூரிலேயே இருந்தார். அந்த ஊரின் ஜிம்னாஸ்ட் மண்டு தேப்நாத் 1975-லேயே அர்ஜுனா விருது வாங்கியிருந்தார். விளையாட்டு அங்கே ஒரு தலைமுறைக்கு முன்பே வேர் பிடித்துவிட்டது. 2014 காமன்வெல்த் வெண்கலம், ரியோவுக்குப் பின் முழங்கால் அறுவை சிகிச்சை, 2018-ல் துருக்கியின் மெர்சினில் தங்கம், நடுவில் ஒரு தடைக்காலம், 2024-ல் தாஷ்கண்டில் ஆசியத் தங்கம், அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வு. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது சொந்த ஊரிலேயே கிடைத்த ஒரு பயிற்சிக் கூடம்.

ஜவ்வாது மலைப் பள்ளிகளுக்கு நான் கேட்பது வால்ட் அல்ல, துள்ளிக் குதிக்கும் வலையான டிராம்போலின். 2000 சிட்னி முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் விளையாட்டு. தொடர்ச்சியாகப் பத்து வித்தைகள். எவ்வளவு நேரம் காற்றில் இருந்தார்கள் என்பதற்கும் புள்ளி உண்டு. முக்கியமாக, இதில் ஆயுள் நீளம். சீனாவின் டோங் டோங் 2008 முதல் நான்கு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கினார். பிரிட்டனின் பிரயனி பேஜ் ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம் வாங்கினார்; பாரிஸில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 33. இளவயதில் ஒரு கட்டத்தில், நன்றாகத் தெரிந்த வித்தைகளையே உடல் செய்ய மறுத்து, அடிப்படையிலிருந்து திரும்பப் பழகியவர் அவர். தாமதமாக வாய்ப்புக் கிடைக்கும் மலைப் பிள்ளைகளுக்கு இந்த நீண்ட அவகாசம் அவசியம்.

என் மனதை அரிப்பது பதக்கம்கூட இல்லை. மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் வரை போன் வந்துவிட்டது, போனில் அந்தர் பல்டி வீடியோவும் வந்துவிட்டது. பயல்கள் அதைப் பார்த்துவிட்டு வைக்கோல் போரிலும் சாமை அறுத்த கொல்லையிலும் அடித்துப் பார்ப்பார்கள். யார் சொன்னாலும் நிறுத்தமாட்டார்கள். பின்பல்டியில் அரைச்சுற்று குறைந்தால் முதலில் தரையைத் தொடுவது தலை. கழுத்தெலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்கினால் கை கால் ஆயுளுக்கும் வராமல் போகலாம். அப்படி அடிபட்ட பிள்ளையைக் கழுத்து அசையாமல் கிடத்த வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியில் குலுங்கிக் குலுங்கி போளூருக்கோ வேலூருக்கோ இறங்கும்போது என்ன ஆகும்?

முதலில் ரோடும் ஆஸ்பத்திரியும் வரட்டும் என்பவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் பிள்ளைகள் அதுவரை குதிக்காமல் காத்திருக்கப் போவதில்லை.

பயிற்சியாளர் இல்லாமல் டிராம்போலினை மட்டும் கொண்டுவந்து போடுவது அதைவிட மோசம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம். சுற்றிலும் மெத்தை, பக்கத்தில் தாங்கிப்பிடிக்க ஆள், புதிய பல்டிக்கு இடுப்பில் கயிற்றுப் பட்டை எல்லாம் வேண்டும். நல்ல வீரர் எட்டு மீட்டர் வரை எழும்புவார். சாதாரணப் பள்ளிக்கூடக் கூரை அதற்குப் போதாது. கட்ட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். இதே மலையின் காவலூருக்கு 2.34 மீட்டர் தொலைநோக்கியை ஏற்றி, 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பயிற்சியாளருக்கு மலையிலேயே வீடு தர வேண்டும். திங்கட்கிழமை ஏறி வெள்ளிக்கிழமை இறங்குகிறவர் உதவமாட்டார். பிள்ளைகள் பல்டி அடிப்பது சனி, ஞாயிறில்தான்.