மூலமும் உரையும்: ‘ஷீராஸ்’ ஊமைப்படமும் புதிய இசையும்

பழந்தமிழ் நூலொன்று நம் கைக்கு வந்து சேர இருவர் உழைப்பு வேண்டும். ஏடுகளைத் தேடியெடுத்து, ஒப்புநோக்கி, மூலத்தைச் செம்மையாக நிறுவுபவர் பதிப்பாசிரியர். அம்மூலம் தம் காலத்தார்க்கு விளங்குமாறு பொருள் விரிப்பவர் உரையாசிரியர். முன்னவர் தம் சொல்லை மூலத்தில் கலத்தல் ஆகாது. பின்னவரோ தம் சொல்லைக் கொண்டே பேசுதல் வேண்டும். பழைய ஊமைப்படத்தைச் செப்பனிட்டு, அரங்கில் நேரடி இசையுடன் திரையிடும்போதும் இவ்விரு பணிகளே நிகழ்கின்றன. ‘ஷீராஸ்’ என்னும் படத்தைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

1928இல் இந்திய, பிரித்தானிய, ஜெர்மானியக் கூட்டு முயற்சியாக உருவான இப்படத்தை இயக்கியவர் ஃபிரான்ஸ் ஓஸ்டன். தயாரித்து, தலைமை வேடத்தில் நடித்தவர், பின்னாளில் பாம்பே டாக்கீஸை நிறுவிய ஹிமான்சு ராய். கதைக்கு மூலம் நிரஞ்சன் பாலின் நாடகம். பாலைநிலத்தில் கண்டெடுக்கப்பட்டுக் குயவர் வீட்டில் வளர்ந்த செலிமா, அடிமை வாணிகரால் கவரப்பட்டு இளவரசர் குர்ரமிடம் விற்கப்படுகிறாள். அவளை உள்ளத்தால் விரும்பிய குயவர் மகன் ஷீராஸ் பின்தொடர்ந்து செல்கிறான். ஆண்டுகள் கழிந்து, பேரரசியாக மறைந்த அவளுக்குத் தாஜ்மகாலை வடிவமைப்பவனும் பார்வையிழந்த அவனே.

இது கற்பனை, வரலாறு அன்று. மும்தாஜ் மகால் எனப் புகழ்பெற்ற அர்ஜுமந்த் பானு பேகம், அரசவைப் பெருமகன் ஆசப் கானின் திருமகளார். 1612இல் குர்ரமை மணந்து, 1631இல் பர்ஹான்பூரில் பிள்ளைப்பேற்றின்போது மறைந்தார். தாஜ்மகாலின் தலைமைச் சிற்பியாக வரலாற்றாசிரியர்கள் பலரும் குறிப்பவர் உஸ்தாத் அஹ்மத் லாஹோரி. இதுபோன்ற வேறொன்றைச் சிற்பி படைத்துவிடாதவாறு அவன் கண்களைப் போக்க மன்னர் ஆணையிடுவதாகப் படம் காட்டுகிறது. கைகளை வெட்டியதாகவும் ஊரில் கதையுண்டு. இவற்றுக்குச் சான்றில்லை. காட்சியின் அழகு கதையை வரலாறாக்கிவிடாது என்பதை மாணவர் மனங்கொள்ளுதல் நன்று.

எனினும், செப்பனிட்டோர் இக்கதையைத் திருத்தவில்லை. திருத்துதல் அவர் பணியும் அன்று. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது; எளிதில் தீப்பற்றும், நாளடைவில் தானே சிதையும். பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் தேசிய ஆவணக் காப்பகத்தார், தம்மிடமிருந்த மூல நெகட்டிவ் சுருளையும் பழைய பிரதியையும் கொண்டு படத்தைச் செப்பனிட்டனர். கீறலும் கறையும் நீங்கின; நடிப்பும் காட்சி அடைவும் பழையனவே. ஓடும் வேகமும் மூலத்தைச் சார்ந்ததே. பேசும்படத்துக்குரிய நொடிக்கு 24 சட்டம் என்னும் அளவில் ஓட்டினால், ஊமைப்படங்கள் பலவற்றில் மாந்தர் பரபரப்பாகத் துள்ளி நடப்பதாகத் தோன்றும். துயரக் காட்சியும் நகைப்புக்கிடமாகும்.

இனி, உரைக்கு வருவோம். ஊமைப்படங்கள் வெளிவந்த நாளிலேயே மௌனமாக ஓடியவை அல்ல. மேனாட்டரங்குகளில் பியானோவும் இசைக்குழுவும், நம் நாட்டில் ஆர்மோனியமும் தபலாவும் உடன் ஒலித்தன. அம்மரபையொட்டி ‘ஷீராஸு’க்குப் புதிய இசை அமைத்தவர் சித்தார்க் கலைஞர் அனுஷ்கா சங்கர். 2017 அக்டோபரில் இலண்டன் திரைப்பட விழாவின்போது பார்பிகன் அரங்கிலும், நவம்பரில் ஐதராபாத், கொல்கத்தா, புதுதில்லி, மும்பை ஆகிய நகரங்களிலும் அவரும் குழுவினரும் திரையருகே அமர்ந்து இசைத்தனர். சித்தாருடன் புல்லாங்குழலும் தாளக்கருவிகளும் மேனாட்டுச் செல்லோவும் இணைந்தன.

கச்சேரியில் கலைஞர் விரும்பினால் ஒரு சங்கதியை நீட்டலாம். திரையோ யாருக்கும் காத்திராது. காட்சி மாறும் கணத்தில் இசையும் மாறியாக வேண்டும். யானையின் காலடியில் ஷீராஸ் மரணத்தை எதிர்நோக்கும் காட்சியில், முழவு விரைந்தால் நெஞ்சு பதைக்கும்; குழல் மட்டும் மெல்ல ஒலித்தால் இரக்கம் மேலோங்கும். மூலம் ஒன்றே, உரைக்கேற்பப் பொருள் வேறுபடுகிறது. ஆதலின் நம் கண்ணீருக்கு 1928இன் நடிப்புக் காரணமா, 2017இன் நரம்பிசை காரணமா எனப் பகுத்துணர்வதே தேர்ந்த சுவைஞர்க்கு அழகு. உரை பிடிக்காதவர் வேறோர் உரை எழுதலாம்; மூலம் அழியாதிருக்கும்வரை அதற்கு வழியுண்டு.

அழிந்துவிட்டாலோ? இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊமைப்படங்கள் எடுக்கப்பெற்றன. அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. தென்னகத்தின் முதற்படமெனப் போற்றப்படும், நடராஜ முதலியாரின் ‘கீசக வத’த்தைக் காணும் பேறு நமக்கில்லை. எத்துணைப் பெரிய இசைமேதையும் இல்லாத படத்துக்கு இசையமைக்க இயலாது.

முன்னோர் விட்டுச் சென்றவை நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டவை. நம் இல்லப் பெட்டகங்களில் உறங்கும் அறபுத்தமிழ்க் கையேடுகளும், திருமணப் பாடல் பதிந்த ஒலிநாடாக்களும், பழைய நிழற்படங்களும் அவ்வகையினவே. பெரியோர் அவற்றை வெளிக்கொணர்வார்களாக. மாணவர் படியெடுத்துக் காப்பார்களாக. மூலத்தைக் காப்பது நம் கடன். உரை எழுத வருங்காலத்தார் வருவர்.