கோப்பு எங்கே? முழுப் பாதையும் சார்புப் பாதையும்

“வீட்டுல ஓடுச்சு டீச்சர், இங்க மட்டும் ஓட மாட்டேங்குது!” பைத்தான் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பழகிப்போன புகார் இது. பல நேரங்களில் நிரலின் கணக்கு சரியாகவே இருக்கும். கோப்பின் பெயரை எழுதிய விதத்தில்தான் சிக்கல் இருக்கும்.

1. முழுப் பாதை

சி:/யூசர்ஸ்/கவிதா/திட்டம்/தரவு/மதிப்பெண்

விண்டோசில் இது வட்டின் எழுத்தோடு தொடங்கும். மேக், லினக்ஸ் கணினிகளில் சாய்வுக்கோட்டோடு தொடங்கும். அஞ்சல் குறியீட்டோடு எழுதிய முகவரி மாதிரி, எங்கிருந்து பார்த்தாலும் ஒரே இடத்தைத்தான் காட்டும். ஆனால் பள்ளிக் கணினியில் ‘கவிதா’ என்ற கோப்புறை இல்லையென்றால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

2. சார்புப் பாதை

தரவு/மதிப்பெண்

‘பக்கத்து வகுப்பு’ என்று சொல்வது போல. நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும். பாதையில் இரண்டு புள்ளி (..) வந்தால் ஒரு படி மேலே உள்ள கோப்புறை என்று பொருள்.

எங்கே நிற்கிறோம்?

நிரல் சேமிக்கப்பட்ட கோப்புறையில்தான் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. நிரல் ஓடும்போது எது நடப்புக் கோப்புறையோ, அங்கிருந்துதான் தேடல் தொடங்கும். ஐடிலில் எஃப்5 அழுத்தினால் இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடும். விஎஸ் கோடில் பொதுவாக நாம் திறந்து வைத்த கோப்புறையே நடப்புக் கோப்புறை. ஒன்றில் ஓடிய நிரல் மற்றொன்றில் ‘கோப்பு இல்லை’ என்று சொல்வது இதனால்தான். சந்தேகம் வந்தால் ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி() கொடுத்து அச்சிட்டுப் பாருங்கள்.

கவனிக்க: பைத்தான் சரத்தில் பின்சாய்வுக்கோட்டுக்கு அடுத்து ‘என்’ என்ற ஆங்கில எழுத்து வந்தால் புதிய வரி, ‘டி’ வந்தால் டேப் என்றாகிவிடும். முன்சாய்வுக்கோடு (/) விண்டோசிலும் வேலை செய்யும், அதையே பழகிக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை

திட்டக் கோப்புறையின் பெயரை மாற்றி, மீண்டும் திறந்து ஓட்டிப் பாருங்க. வேறு இடத்துக்கு நகல் எடுத்துப் பார்த்தால் போதாது; பழைய கோப்பு அங்கேயே இருப்பதால் முழுப் பாதை இன்னும் வேலை செய்யும், தவறு தெரியாது. பெயரை மாற்றினால் உடனே தெரிந்துவிடும்.

பயிற்சி

நிரல் ‘திட்டம்/நிரல்கள்’ கோப்புறையில் உள்ளது. நடப்புக் கோப்புறை ‘திட்டம்’. நிரல் ‘தரவு/மதிப்பெண்’ கோப்பைத் திறக்கிறது. கணினி எங்கே தேடும்?

விடை: திட்டம்/தரவு/மதிப்பெண். ‘நிரல்கள்’ கோப்புறைக்குள் தேடாது.