பங்கு பிரிந்தால் பணம் பெருகுமா?

சென்ற கோடையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தோம். இருப்பு நூலை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கையில் முதிய அங்கத்தினர் ஒருவர் கைபேசியுடன் நம்மருகே வந்து நின்றார். "ஐயா, எட்டு வருஷமாக வைத்திருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பங்கு ஒரே ராத்திரியில் பாதியாய்ப் போய்விட்டது. பேத்தி கலியாணத்துக்கென்று வைத்த பணம். மிச்சத்தையாவது விற்றுவிடட்டுமா?" என்றார்.

விசாரித்ததில் விஷயம் தெளிவாயிற்று. அக்கம்பெனி தன் ஒவ்வொரு பங்கையும் இரண்டாகப் பிரித்திருந்தது. விலை பாதியாகிவிட்டது, புதிய எண்ணிக்கை அவர் கணக்கில் ஏறச் சில நாட்கள் இருந்தன. இடைப்பட்ட அந்நாட்களில் கைபேசி பழைய எண்ணிக்கையைப் புதிய விலையால் பெருக்கிக் காட்டியது. அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். இவ்வாறு கலங்குபவர் அவர் ஒருவரல்லர் என்பதாலேயே இதனை எழுதுகிறோம்.

ஒரு வாழைத்தாரைச் சீப்புச் சீப்பாக அரிந்து வைத்தால் காய் ஒன்றுகூடக் கூடுவதில்லை, குறைவதுமில்லை. ஆனால் முழுத்தாரை வாங்க வகையற்றவனும் ஒரு சீப்பை வாங்குவான். பங்குப் பிரிப்பின் பயன் பெரும்பாலும் அவ்வளவே. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கஜானாவில் இதனால் ஒரு காசும் சேர்வதில்லை. பாலிசிதாரர்களுக்கு அது ஈடுசெய்ய வேண்டிய பொறுப்பும், அதற்கென வைத்திருக்கும் மூலதனமும் முன்போலவே நிற்கின்றன. கம்பெனியில் வோட்டு பங்குக்கு ஒன்றாதலால், எல்லோருடைய பங்கும் ஒரே விகிதத்தில் பெருகும்போது எவருடைய செல்வாக்கும் மாறுவதில்லை. (நமது சங்கங்களில் ஆளுக்கொரு வோட்டு, பங்கைத் திருப்பினால் முகமதிப்பே கிடைக்கும். ஆகவே இந்தக் குழப்பம் நம்மவர்க்குப் புதிது.)

அப்படியானால் நெடுங்காலம் வைத்திருப்பவர் பெருந்தனம் அடைந்ததாகச் சொல்லப்படுவது எப்படி? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள கொலம்பஸ் நகரில் 1955-ல் ஆமோஸ் சகோதரர் மூவர் தொடங்கிய கம்பெனி இன்று அஃப்லாக் எனப்படுகிறது. 1958-ல் புற்றுநோய்க்கான இன்ஷூரன்ஸை விற்கத் தொடங்கி, 1974-ல் ஜப்பானிலும் கால் வைத்தது. தொடக்கத்தில் 1,110 டாலருக்கு 100 பங்கு வாங்கியவரிடம், 28 முறை பிரிப்பும் பங்காகவே தந்த டிவிடெண்டும் நிகழ்ந்தபின் 1,87,980 பங்குகள் இருந்திருக்கும் என்று அக்கம்பெனியே தன் ஆண்டறிக்கையில் கணக்குக் காட்டியது. 2018 மார்ச்சில் மறுபடி ஒன்று இரண்டாயிற்று. கணக்கு 3,75,960 ஆகிறது.

இவ்வெண்ணைக் கண்டு மயங்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கம்பெனியின் வியாபாரம் 1955-ல் இருந்த இடத்திலேயே நின்றிருந்தால், அந்த மூன்றே முக்கால் லட்சம் பங்குகளும் சேர்ந்து ஏறக்குறைய அதே 1,110 டாலர்தான் பெறும். பிரித்தபின் ஒவ்வொரு சிறு பங்கும் மீண்டும் வளர்ந்தது. வளர்ந்ததால்தான் மீண்டும் பிரிக்கவேண்டி வந்தது. 2018 பிரிப்புக்கு முன் காலாண்டுக்குப் பங்கொன்றுக்கு 52 சென்ட் டிவிடெண்டு. பின்னர் 26 சென்ட். வாங்குபவர் கையில் சேர்ந்த தொகை மாறவில்லை. நீண்டகாலப் பங்குதாரர் கவனிக்கவேண்டியது அத்தொகை ஆண்டுக்காண்டு உயர்கிறதா என்பதையே. அஃப்லாக் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாது உயர்த்தி வந்தது.

எதிர்த்திசையிலும் கணக்கு ஓடும். ஏ.ஐ.ஜி. என்ற பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி 2008 செப்டம்பரில் நிலைகுலைந்து அமெரிக்க அரசின் கைதூக்கலால் பிழைத்தது. 2009 ஜூன் இறுதியில் அது இருபது பங்கை ஒன்றாகச் சேர்த்தது. இரண்டாயிரம் பங்கு வைத்திருந்தவரிடம் நூறு மிஞ்சியது. காகிதத்தில் விலை இருபது மடங்கு. அவர் இழந்தது சேர்ப்பினால் அன்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே இழந்துவிட்டிருந்தார்.

நம் நாட்டில் வேறொரு சிக்கல் உண்டு. பிரிப்பையும் போனஸையும் ஒன்றென எண்ணுதல் கூடாது. இன்ஷூரன்ஸ், கடன் ஆகிய தொழில்களைத் துணைக் கம்பெனிகள் வழியே நடத்தும் பஜாஜ் ஃபின்செர்வ் 2022 செப்டம்பரில் இரண்டையும் ஒருங்கே செய்தது. ஐந்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கு ஒரு ரூபாய்ப் பங்குகள் ஐந்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு போனஸ் பங்கு சேர, ஒன்று பத்தாயிற்று. ஒருவர் பத்துப் பங்கை 60,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார் என்று கொள்வோம். பிரிந்த ஐம்பதின் அடக்கம் ஒவ்வொன்றும் 1,200 ரூபாய். வைத்திருந்த காலமும் முதலில் வாங்கிய நாளிலிருந்தே எண்ணப்படும். போனஸ் ஐம்பதுக்கோ வருமானவரிச் சட்டப்படி அடக்கம் சூன்யம். காலமும் ஒதுக்கிய நாளிலிருந்துதான். அவற்றை விற்றால் விலை முழுவதும் ஆதாயமாகவே கருதப்படும். இதனை அறியாமல் நூறுக்கும் சராசரி போட்டுக் கணக்குக் கொடுப்பவரை நாம் கண்டிருக்கிறோம்.

தகப்பனார் காலத்துக் காகிதச் சான்றிதழைப் பெட்டியில் வைத்திருப்போர் இன்னும் விழிப்பாயிருத்தல் அவசியம். அதில் அச்சிட்ட எண்ணிக்கையும் முகமதிப்பும் இன்று செல்லுபடியாகும் எண்ணாயிருக்க வேண்டியதில்லை. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்டு கேட்கப்படாவிட்டால், பங்குகளே அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். வாரிசுகள் மனுச் செய்து திரும்பப் பெறலாமெனினும் அது நெடிய வேலை. முதலில் கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதுவதே வழி.

அடுத்த பரிசீலனைக்குச் சென்றபோது அம்முதியவரைக் கண்டோம். பங்குகளை விற்கவில்லை என்றார். தம் கூலிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வாங்கிய தேதி, கொடுத்த தொகை, பிரிந்த தேதி மூன்றையும் மகனைக் கொண்டு எழுதி வைத்திருந்தார். தேதி ஒன்று தவறாயிருந்தது, திருத்திக் கொடுத்தோம்.